திறவுகோல் தொலைந்த செல்வம்



பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் நியூபோர்ட் என்றொரு நகரம் உண்டு. அந்நகரக் குப்பை மேட்டில் ஏறத்தாழ 14 இலட்சம் டன் கழிவு குவிந்துள்ளது. அதனடியில் எங்கோ கையடக்கமான கணிப்பொறி ஹார்டு டிஸ்க் ஒன்று புதைந்திருப்பதாக அதன் உரிமையாளர் நம்புகிறார். 2013ஆம் ஆண்டு வீட்டைத் துப்புரவு செய்தபோது, வேண்டாத பொருள்களோடு அதுவும் குப்பைக்குப் போய்விட்டது. சுமார் 8,000 பிட்காயின்களுக்கான திறவுகோல் அதில்தான் இருந்தது. மேட்டைத் தோண்ட அனுமதி கேட்டார். கிடைப்பதில் பங்கு தருவதாகவும் சொன்னார். நகர மன்றம் மறுத்தது. 2025 ஜனவரியில் உயர் நீதிமன்றமும் அவரது வழக்கைத் தள்ளுபடி செய்தது. அவர் கோரிய செல்வத்தின் அன்றைய மதிப்பு 60 கோடி பவுண்டுக்கும் அதிகம்!

பிட்காயின் என்பது 2009இல் புழக்கத்திற்கு வந்த கணிப்பொறி நாணயம். எந்த அரசும் அதை அச்சிடுவதில்லை. எவரிடம் எவ்வளவு உண்டு என்ற கணக்கேடு, உலகெங்கும் உள்ள ஆயிரக்கணக்கான கணிப்பொறிகளில் ஒரே சமயத்தில் எழுதப்படுகிறது. உரிமையாளரிடம் இருப்பது ஓர் இரகசிய எண் மட்டுமே. அந்த எண் தொலைந்தாலும் நாணயம் அழிவதில்லை. கணக்கேட்டில் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தபடியே இருக்கும். ஆனால் எடுத்துச் செலவிட எவராலும் இயலாது.

அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோவில் வாழும் நிரலாளர் ஒருவருக்கு 7,002 பிட்காயின்கள் இருந்தன. அவற்றின் திறவுகோலை வைத்திருந்த கருவியின் கடவுச்சொல்லை மறந்துவிட்டார். பத்து முறை தவறினால் அக்கருவி தன்னை நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். 2021இல் செய்தி வெளியானபோது எட்டு முறை தவறியிருந்தார். நார்வே நாட்டு மாணவர் ஒருவரோ 2009இல் 150 குரோனருக்கு 5,000 பிட்காயின்கள் வாங்கி, அடியோடு மறந்துபோனார். 2013இல் நினைவு வந்தது, கடவுச்சொல்லும் வந்தது. அதில் ஐந்தில் ஒரு பங்கை விற்றே தலைநகர் ஆஸ்லோவில் குடியிருப்பு ஒன்றை வாங்கிவிட்டார்!

உண்மையான மதிப்பு உண்டா?

கண்ணால் காண முடியாத ஒன்று எப்படிச் செல்வமாகும் என்று பெரியவர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆயினும் பணத்தின் வரலாற்றைச் சற்றே புரட்டிப் பாருங்கள். மக்கள் தோலையே நாணயமாக ஏற்றுக்கொண்டால் அதற்கும் நாணயத்தின் சட்டம் பொருந்தும் என்ற கருத்தை இமாம் மாலிக் (ரஹ்) அவர்கள் அன்றே வெளியிட்டார்கள். பதினான்காம் நூற்றாண்டில் சீனா சென்ற பயணி இப்னு பதூதா, அங்கே அரச முத்திரையிட்ட காகிதத்தைக் கொடுத்துத்தான் பொருள் வாங்க முடிந்தது என்றும், வெள்ளிக் காசைக் கடைக்காரர் ஏற்கவில்லை என்றும் எழுதி வைத்தார். ஆகவே பொன்னாகவோ வெள்ளியாகவோ இருந்தால்தான் பணம் என்று வாதிட இயலாது.

அப்படியானால் வேறுபாடு எங்கே? அதே நூற்றாண்டில் டில்லியை ஆண்ட முஹம்மது பின் துக்ளக், செம்பு நாணயத்தை வெள்ளிக்கு நிகராகச் செல்லும் என அறிவித்தார். வீட்டுக்கு வீடு கள்ள நாணயம் பெருகியது, வணிகம் நிலைகுலைந்தது. முடிவில் செம்பைக் கொண்டுவந்தோருக்குக் கருவூலத்திலிருந்து பொன்னும் வெள்ளியும் கொடுத்து அதைத் திரும்பப் பெற்றார். திட்டம் தோற்றது, ஆனால் அதற்குப் பொறுப்பேற்க ஓர் அரசு இருந்தது.

பிட்காயினில் கள்ள நாணயத்திற்கு இடமில்லை. மொத்தம் 2 கோடியே 10 இலட்சத்திற்கு மேல் அது உருவாகாது. இது அதன் பலம். பொறுப்பேற்க ஒருவரும் இல்லை என்பது அதன் பலவீனம். 2021 நவம்பரில் 69,000 டாலரை நெருங்கிய ஒரு பிட்காயின், 2022இன் இறுதியில் 17,000 டாலருக்கும் கீழே வந்தது. இழந்தவர்கள் யாரிடம் முறையிடுவது?

மார்க்க அறிஞர்களும் இதில் ஒரே முடிவுக்கு வரவில்லை. 2018இல் எகிப்தின் ஃபத்வா மன்றம் கூடாது என்றது. 2021இல் இந்தோனேசிய உலமா சபை, இதைப் பணமாகப் பயன்படுத்துவது ஹராம் எனத் தீர்ப்பளித்தது. மலேசியாவின் பங்குச் சந்தை ஆணையத்து ஷரீஅத் ஆலோசனைக் குழுவோ 2020இல், நிபந்தனைகளுடன் வணிகம் செய்ய அனுமதித்தது.

மறந்த பொருளுக்கு ஜகாத்

மறந்துபோன செல்வம் நம் ஃபிக்ஹு நூல்களுக்குப் புதிதன்று. பாலைவெளியில் புதைத்து இடம் மறந்துபோன பொருளை ஹனஃபி அறிஞர்கள் 'மால் ளிமார்' என்பார்கள். அது மீண்டும் கிடைத்தாலும் கடந்த ஆண்டுகளுக்கு ஜகாத் இல்லை என்பது அவர்களின் சட்டம். வீட்டுக்குள் புதைத்ததை மறந்தாலோ ஜகாத் உண்டு. தேடினால் எட்டும் தூரத்தில் அது இருக்கிறதல்லவா? ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, தொலைந்த பொருள் கைக்கு வந்தபின் கடந்த ஆண்டுகளுக்கும் கொடுத்தாக வேண்டும்.

இல்லத்தரசிகளே, பெற்றோர்களே! வங்கியில் கணக்கு வைத்தவர் மறைந்தால், இறப்புச் சான்றிதழைக் காட்டி வாரிசுகள் பெற வழியுண்டு. இரகசிய எண்ணைத் தன் நெஞ்சோடு வைத்திருந்தவர் மறைந்தால், அதைத் திறக்க எந்த அதிகாரியாலும் முடியாது. இறந்தவரின் பொருளிலிருந்து முதலில் கடன் தீர வேண்டும், பின்பு வஸிய்யத், பின்பு மனைவி, மக்கள், பெற்றோரின் பங்கு. பொருள் இருப்பதே தெரியாதபோது கடன் கொடுத்தவர் எங்கே போவார்? விதவையின் எட்டில் ஒரு பங்கை யார் எடுத்துக் கொடுப்பார்?

இந்த நாணயத்தை வாங்கலாமா என்பதை உங்கள் நம்பிக்கைக்குரிய ஆலிமிடம் கேட்டறியுங்கள். வீட்டில் எவரேனும் முன்பே வாங்கியிருந்தால், அவரிடம் இன்றே பேசுங்கள். எங்கே உள்ளது, எவ்வாறு திறப்பது என்பதைக் காகிதத்தில் எழுதி, உறையிலிட்டு முத்திரை வைத்து, நாணயமான ஒருவரிடம் அமானிதமாக ஒப்படைக்கச் சொல்லுங்கள். கடன் சீட்டு, நிலப் பத்திரம், அடகு வைத்த நகை ஆகியவற்றின் விவரமும் அந்த உறையிலேயே இருக்கட்டும். அவை வாரிசுகளின் ஹக் அல்லவா?