கூட நடப்பது

தென்காசியிலிருந்து குற்றாலம் ஐந்தாறு கிலோமீட்டர்தான். சாரல் காலத்தில் ஆபீஸ் நண்பரோடு எத்தனையோ முறை நடந்தே போயிருக்கிறேன். இன்று அவருக்குப் புற்றுநோய். ஊரில் யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. 'அந்த வியாதி' என்று குரலைத் தாழ்த்துகிறார்கள். வீட்டுக்கு வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள்.

புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட, டெர்ரி ஃபாக்ஸ் பெயரில் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்தில் நடந்த ஓட்டத்துக்கு அவருக்காகப் போனேன். அங்கே போட்டி கிடையாது, என்னைப்போல் நடக்கவும் செய்யலாம். டெர்ரி கனடா நாட்டு இளைஞர். புற்றுநோயால் வலது காலை இழந்தவர். 1980-இல் செயற்கைக் காலோடு 143 நாட்களில் 5,373 கிலோமீட்டர் ஓடினார். நோய் நுரையீரலுக்குப் பரவவே நிறுத்தினார். மறுவருஷம் காலமானார். வயது 22.

ஊர் திரும்பி நண்பரிடம் இதையெல்லாம் சொன்னேன். நன்கொடை எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. "அத்தனை பேரும் அந்தப் பேரச் சத்தமாச் சொன்னாவளா வே?" என்றுதான் கேட்டார்.

பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன் நான். அந்த மொழியில் தோழனுக்கு 'கொப்பேன்' என்பார்கள். ரொட்டியைப் பகிர்ந்து உண்பவன் என்பது அதன் வேர்ப்பொருள். நோய் வந்ததும் பந்தியை விட்டு எழுந்து போகலாமா? புற்றுநோய் ஒட்டிக்கொள்ளும் நோயல்ல.

நிதிக்காக வருஷத்தில் ஒரு நாள் நடப்போம், நல்லதுதான். மற்ற நாட்களில் நண்பரின் வீடு வரைக்கும் நடப்போமே.