ஒற்றை நட்சத்திரம் யாருக்கு?



இந்த மாத மடலை ஒரு குற்ற ஒப்புதலோடு தொடங்க வேண்டியிருக்கு. போன மார்கழியில் நான் ஒரு போன் திருத்துற கடைக்கு இணையத்தில் ஒரேயொரு நட்சத்திரம் குடுத்தேன். "போலி ஸ்கிரீன் போட்டு ஏமாத்துகினம், போகாதேங்கோ" என்ற அர்த்தத்தில் நாலு வரி, நல்ல கோபமான ஆங்கிலத்தில். பதினேழு பேர் அது தங்களுக்கு உதவியது என்று அழுத்தியிருக்கினம். எங்கட வட்ஸ்அப் குழுவிலும் நான்தான் அதைப் பகிர்ந்தேன். "எங்கட ஆக்களே எங்கட ஆக்களை ஏமாத்துறது" என்று கீழே ஒரு தோழர் எழுதினார். நானும் இதயம் போட்டேன்.

கடை ஸ்காபரோவில் ஒரு பிளாசாவுக்குள் இருக்கு. ஒரு பக்கம் கொத்துரொட்டி, மற்றப் பக்கம் ஊருக்குக் காசு அனுப்புற இடம். உங்கள் ஊரிலும் இப்படி ஒன்று இருக்கும். அம்மம்மாவின் பழைய போனில் இருந்த படங்களைப் புதுசுக்கு மாத்தித் தந்தது அங்கேதான். பாஸ்வேர்டை மறந்துபோய் அரசாங்கக் கணக்குக்குள் போக முடியாமல் நிண்ட மாமிக்கு உதவினதும் அங்கேதான். அதுக்கெல்லாம் காசு வாங்கிறேல்லை. கம்பனியின் பளபளக்கிற கடைக்குப் போனால் முதலில் நேரம் பதிய வேணும், பிறகு ஆங்கிலத்தில் விளங்கப்படுத்த வேணும். அம்மா அந்தப் பக்கமே போகமாட்டா.

என் போன் பஸ்ஸால் இறங்கேக்க விழுந்து உடைஞ்சது. கம்பனி சேவை நிலையத்தில் சொன்ன விலை 390 டொலர். பிளாசாக் கடையில் 120. கடையில் நிண்ட தம்பி ஒழுங்காத்தான் கேட்டார்: "இன்செல் போடவாக்கா, ஓஎல்இடி போடவா? ஓஎல்இடி நல்லாருக்கும், ஆனா எழுபது டாலர் கூட ஆகும்." மாணவக் கடனில் வாழுற நான் எதைச் சொல்லியிருப்பேன்? மலிவானதை. அரை மணித்தியாலத்தில் போன் கையில். வீட்டுக்கு வந்து பார்த்தால் நிறம் கொஞ்சம் வெளிறிப்போய் இருக்கு, அமைப்புகளுக்குள் "இது அசல் பாகமா என்று உறுதிப்படுத்த முடியவில்லை" என்று ஓர் எச்சரிக்கை. அடுத்த நாள் போய்ச் சண்டை பிடிச்சேன். கடை அங்கிள் சத்தம் வேண்டாம் என்று 60 டொலரைத் திருப்பித் தந்தார். அப்பவும் கோபம் அடங்கேல்லை, நட்சத்திரத்தைப் போட்டேன்.

நிறம் வெளிறினது நான் தெரிவு செய்த மலிவு ஸ்கிரீனின் குணம். அந்த எச்சரிக்கை வேறு கதை. நான் 70 டொலர் கூடக் குடுத்து ஓஎல்இடி போட்டிருந்தாலும் அது வந்திருக்கும். சில மாடல்களில் இன்னொரு போனில் இருந்து கழற்றின அசல் ஸ்கிரீனைப் போட்டாலும் வரும். சில பாகங்களின் தொடர் இலக்கத்தைப் போனின் மூளையோடு மென்பொருளால் முடிச்சுப் போட்டு வைக்கினம். கம்பனியின் கருவி "சரி" சொல்லாவிட்டால் போன் அந்தப் பாகத்தை அந்நியனாகத்தான் பார்க்கும். கடைக்காரர்கள் இதைச் சமாளிக்கச் சின்னப் பெட்டி ஒன்று வைத்திருக்கினம். பழைய ஸ்கிரீனில் இருக்கும் தரவை வாசிச்சுப் புதுசில் எழுதும். சில மாடலுக்கு வேலை செய்யும், சிலதுக்கு இல்லை.

இது புதுக் கதையும் இல்லை. 2016 இல் வெளியில் திருத்தின ஐபோன் 6 போன்கள், மென்பொருளைப் புதுப்பித்த உடனே "பிழை 53" என்று காட்டிவிட்டுச் செத்தன. வெளியாரிடம் திருத்தினபடியால் உங்களுக்குப் பரிகாரம் இல்லை என்று வாடிக்கையாளர்களுக்குப் பொய்யான விளக்கம் சொன்னதற்காக, 2018 இல் அவுஸ்திரேலிய நீதிமன்றம் ஆப்பிளுக்கு 90 லட்சம் அவுஸ்திரேலிய டொலர் தண்டம் போட்டது. தீர்ப்பு வர முந்தி எத்தனை மூலைக்கடைக்காரர் "போனைக் கெடுத்துப்போட்டாய்" என்று பேச்சு வாங்கியிருப்பினம்? நட்சத்திரம் போடுற இடத்தில் கடையின் பெயர்தான் இருக்கு. பாகத்தைப் பூட்டினவனுக்கு அந்தப் பக்கத்தில் பெட்டியே இல்லை.

இது வரைக்கும் என்றால் நான் ஒரு சின்னத் திருத்தம் எழுதிவிட்டுப் போயிருப்பேன்.

மாசியில் அம்மாவின் போனுக்கு பட்டரி மாத்தப் போனோம். நான் வெட்கத்தில் காருக்குள்ளேயே இருந்திட்டன். அம்மாவிடம் ஆரும் எதையும் சொல்லிவிடுவினம், அது அவவின்ட ராசி. திரும்பி வரேக்க சொன்னா: "பாவமடி அந்தப் பெடியன். ஆரோ ஒருத்தி வந்து கத்தி 60 டொலர் திருப்பி வாங்கிக்கொண்டு போனவளாம். அதை இவன்ட சம்பளத்தில கழிச்சுப்போட்டாராம்." அந்த ஆரோ ஒருத்தி ஸ்டியரிங்கைப் பிடிச்சுக்கொண்டு பேசாமல் இருந்தாள்.

அந்தத் தம்பி திருச்சிப் பக்கம். சென்னை ரிச்சி தெருவில் ரெண்டு வருசம் போர்டு வேலை பழகினவர். இங்கே ஒரு கல்லூரியில் படிக்க வந்தவர். மணித்தியாலத்துக்கு 11 டொலர், கையில். 2025 ஒக்டோபரில் இருந்து ஒன்டாரியோவின் குறைந்தபட்சக் கூலி 17.60. வேலை பிழைத்துப்போச்சு என்று சம்பளத்தில் கழிக்க இந்த மாகாண வேலைத்தரச் சட்டம் முதலாளியை விடாது. தொழிலாளி கையெழுத்துப் போட்டுச் சம்மதித்தாலும் விடாது. அவருக்கும் இது தெரியும். ஆனால் படிப்பு நடக்கிற காலத்தில் வெளிநாட்டு மாணவர் வளாகத்துக்கு வெளியே வாரத்துக்கு 24 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். அவர் நாற்பதுக்கு மேலே செய்கிறார். முறைப்பாடு செய்யப்போனால் முதலில் எழுதவேண்டியது தன் மணித்தியாலத்தை.

இதில் எங்களுக்குள்ளே பேசாத ஒன்றும் இருக்கு. முதலாளி ஈழத்தவர், தொழிலாளி தமிழ்நாட்டவர். அங்கிள் எண்பதுகளில் அகதியாக வந்து இதே போலக் கையில் காசுக்குப் பாத்திரம் கழுவினவர்தான். பிளாசா வாடகை ஏறுது, பாகத்தின் விலை ஏறுது, எல்லாம் உண்மை. அதுக்காக அந்த ஆறு டொலர் அறுபது சதம் அவருடையது ஆகிவிடாது. 2021 மார்கழியில் ஸ்ரீபெரும்புதூர் ஃபாக்ஸ்கான் பெண் தொழிலாளர்கள், விடுதிச் சாப்பாடு நஞ்சாகிப் பலர் ஆஸ்பத்திரிக்குப் போன பிறகு, நெடுஞ்சாலையை மறிச்சதை நாங்கள் எவ்வளவு பகிர்ந்தோம். அதே போனை இங்கே திருத்துறவர் எங்களுக்கு "கடைப்பெடியன்".

2024 நவம்பர் 7 இல் கனடாவில் சி-244 சட்டமானது. திருத்துவதற்காக டிஜிட்டல் பூட்டை உடைத்தால் இனிப் பதிப்புரிமை மீறல் இல்லை. நல்லது. பூட்டை உடைக்கலாம் என்று சொல்லுது, திறப்பைத் தா என்று கம்பனியிடம் கேட்கேல்லை. பாகம், கையேடு, கருவி குடுக்கச் சொல்லி ஒன்டாரியோவில் வந்த மசோதாவை 2019 இல் சட்டமன்றமே தோற்கடித்தது. அமெரிக்காவில் ஒரிகன் மாநிலம் 2024 இல் பாகங்களை இப்படி முடிச்சுப்போடுவதையே தடை செய்துவிட்டது, ஆக முடியாத காரியம் இல்லை. சி-244 வந்த அடுத்த நாள், நவம்பர் 8, அந்த 24 மணித்தியால விதி நடைமுறைக்கு வந்தது. திருத்தும் உரிமை கேட்கிற இயக்கங்கள் முதலாவதைக் கொண்டாடினவை. ரெண்டாவதைப் பற்றி அங்கே ஒரு சொல்லும் நான் வாசிக்கேல்லை. திருத்துறவரின் உரிமை இல்லாத திருத்தும் உரிமையை இடதுசாரிகள் என்று சொல்லிக்கொள்ளுற நாங்களாவது அப்படியே தூக்கிப் பிடிக்கக்கூடாது.

அதுக்காகக் கடைகளைக் குறை சொல்லவே கூடாது என்று நான் சொல்லேல்லை. கடவுச்சொல்லைக் காகிதத்தில் எழுதிக் குடுத்துவிட்டு வரச் சொல்லுறது எனக்கு இன்றைக்கும் பிடிக்கேல்லை. குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒன்டாரியோக் கடைகளுக்கு மடிக்கணினிகளைத் திருத்தக் குடுத்துச் சோதிச்சு 2022 இல் வெளியிட்டார்கள். சில கடைகளில் சொந்தப் படங்களைத் துருவியிருக்கினம், பெண்களுடையது போல இருந்த கணினிகளை இன்னும் கூட. அந்த ஆய்வில் பெரிய தொடர் நிறுவனங்களும் இருந்தன என்பதையும் சேர்த்துச் சொல்ல வேணும். போராட்டக் குழுக்களின் உரையாடல் எல்லாம் போனுக்குள் வைத்திருக்கிற நாங்கள், குடுக்க முந்தி சாம்சங்கில் பராமரிப்பு நிலையையும், பிக்சலில் திருத்த நிலையையும் போட்டுவிட்டுக் குடுக்கலாம். ஸ்கிரீனுக்கும் பட்டரிக்கும் கடவுச்சொல் தேவையே இல்லை என்று கேட்டுப் பழகலாம்.

போன கிழமை கடைக்குப் போய்த் தம்பியிடம் 60 டொலரை நீட்டினேன். வாங்க மறுத்து, பிறகு வாங்கினார். தொழிலாளர் செயற்பாட்டு மையத்தைப் பற்றிச் சொன்னேன், சங்கம் இல்லாத தொழிலாளருக்காக ரொறொன்ரோவில் இயங்கிறவர்கள் என்று. தலையாட்டினார். ரிவியூவை எடுத்துவிடுகிறேன் என்று சொன்னபோதுதான் பதறினார்.

"வேணாம்க்கா. இப்ப எடுத்தீங்கன்னா, நான்தான் உங்களப் புடிச்சு பேசிட்டேன்னு ஓனர் நினைப்பாரு. செமஸ்டர் முடியட்டும்."

ஆக, அது இன்னும் அங்கேதான் இருக்கு. சித்திரை கடைசியில் அவருடைய பரீட்சை முடியுது. வட்ஸ்அப் குழுவில் போட்டதை மட்டும் எடுத்துவிட்டேன்.

உங்களில் ஆராவது இப்படியான கடைகளில் வேலை செய்திருந்தால், இப்பவும் செய்துகொண்டிருந்தால், இந்த மடலுக்கே பதில் எழுதுங்கோ. கூலி எவ்வளவு, எத்தனை மணித்தியாலம், எதுக்கெல்லாம் கழிக்கினம். உங்கள் பெயரையும் கடையின் பெயரையும் போடமாட்டோம்.