முள்ளுதானேன்னு சொல்றவங்களுக்கு

போன ஞாயித்துக்கிழமை காலைல ஒரு போன். ஆபீஸ்ல என் பக்கத்து சீட்ல ஆணி பிடுங்கற நண்பன். "மச்சி, தாத்தா வீட்டு ரெக்கார்டு பிளேயர் பரண்லேர்ந்து எறங்கியிருக்கு. சுத்துது, ஆனா பாட்டு கர்ர்ருனு வருது. முள்ளுதானே போயிருக்கு, ஆன்லைன்ல முன்னூறு ரூபாய்க்கு ஒண்ணு இருக்கு. போட்டுடவா?"

சாயங்காலம் இன்னொருத்தர். ஆடியோ விஷயத்துல எங்க வட்டாரத்துக்கே குரு. நண்பன் கதையைச் சொன்னேன். தாடியைத் தடவிக்கிட்டே அருள்வாக்கு விட்டார்: "டர்ன்டேபிள் என்ன விலையோ அதுல பாதியாவது கார்ட்ரிட்ஜுக்குப் போடணும் தம்பி. சும்மா நாலாயிரம் அஞ்சாயிரத்துக்கு வாங்கறதுக்குப் பதிலா செல்போன்லயே பாட்டு கேட்டுக்கலாம்."

தாத்தாவோட பிளேயர் ஓசில வந்தது. ஓசில பாதி எவ்வளவு சார்? :-)

ரெண்டு பேரும் எதிரெதிர் கட்சி மாதிரி தெரியும். கிடையாது. ரெண்டு பேருமே விலைச்சீட்டைத்தான் பார்க்கறாங்க, முள்ளைப் பார்க்கல. கையில காசு கம்மியா இருக்கறவன் ஏமாறுறது இங்கதான். இந்த விஷயத்துல நானும் ஒரு தடவை சூடு பட்டவன்கிறதால கொஞ்சம் சத்தமாத்தான் பேசுவேன், கோச்சுக்காதீங்க.

கொசுவத்தி ஒரு சுத்து சுத்திக்கறேன். எங்க மாமா 1983ல சிங்கப்பூர்லேர்ந்து கொண்டு வந்த டெக்னிக்ஸ் டர்ன்டேபிள் ஒண்ணு திருச்சி வீட்ல இருந்தது. பெல்ட், மோட்டார் எல்லாம் சரிபண்ணி இங்க என் வீட்டுக்குத் தூக்கிட்டு வந்தேன். அதுல இருந்த கார்ட்ரிட்ஜுக்கு ஒரிஜினல் முள் எப்பவோ நின்னு போச்சு. "பொருந்தும்"னு போட்டு ஒரு கடைக்காரர் மலிவா வித்துக்கிட்டிருந்தார். வாங்கினேன். பொருந்தத்தான் செஞ்சுது. பாட்டும் வந்துது. முள்ளுதானே, வேற என்ன வேணும்?

அந்த வருஷம் பூரா அப்பா எங்ககூட இருந்தார். அவருக்குன்னு ஒரு தட்டு உண்டு. காருகுறிச்சி அருணாசலம் நாகஸ்வரம். கல்யாணத்துக்கு முன்னாடி வாங்கினதாம். தினமும் சாயங்காலம் காபி குடிச்சதும் அதைத்தான் போடச் சொல்வார். ஏழெட்டு மாசம் கழிச்சு ஒரு நாள் பாதில எழுந்து வந்து கேட்டார். "ஏண்டா, சீவாளி கிழிஞ்ச மாதிரி கேக்குதே?"

எனக்கு ஒண்ணும் கேக்கல. வயசாச்சு, காது அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன். (இதை எழுதறப்பவும் வெக்கமாத்தான் இருக்கு.) ரெண்டு வாரம் கழிச்சு கம்ப்யூட்டர்ல சொருகற குட்டி மைக்ராஸ்கோப்பை ஒருத்தர்கிட்ட இரவல் வாங்கி முள்ளைப் பார்த்தேன். வைர முனை குச்சியில நேரா நிக்கல, ஒரு பக்கமா சாஞ்சு ஒட்டியிருந்துது. சாஞ்ச பக்கத்துல தேய்ஞ்சு பட்டையா ஆகி, ஓரம் உளி மாதிரி. அந்த உளியை வெச்சுத்தான் நான் தினமும் காருகுறிச்சியாரைச் செதுக்கிக்கிட்டு இருந்திருக்கேன்.

அப்புறம் நல்ல முள் போட்டாச்சு. மத்த தட்டெல்லாம் சுத்தமா பாடுது. அந்த ஒரு தட்டு மட்டும் இன்னும் கிழிஞ்ச சீவாளிதான். பள்ளத்துலயே போயிடுச்சு, இனிமே வராது.

சரி, விஷயத்துக்கு வருவோம். தட்டுல ஓடற வைர முனையும் அதைத் தாங்குற குச்சியும் சேர்ந்ததுதான் முள். அந்தக் குச்சியோட மறு முனைல குட்டிக் காந்தம், எதிர்ல கம்பிச்சுருள். காந்தம் ஆடினா சுருள்ல மின்சாரம் பிறக்குது. இதெல்லாத்தையும் வெச்சிருக்கற டப்பாதான் கார்ட்ரிட்ஜ். காந்தம் ஆடற இந்த வகைல பெரும்பாலும் முள்ளை மட்டும் கையால உருவி எடுத்துட்டு வேற சொருகிக்கலாம். டப்பா வருஷக்கணக்கா உழைக்கும். தேயறது முள் மட்டும்தான்.

குருமார்கள் உருகுற சுருள் ஆடற வகைல கதையே வேற. அதுல முள் தேய்ஞ்சா சாதாரணமா நாமளே மாத்த முடியாது, திருப்பி அனுப்பணும் இல்ல மொத்தமா புதுசு வாங்கணும். அதுல வர்ற சிக்னலும் பெரும்பாலும் அரை மில்லிவோல்ட்கூட இருக்காது, அதைத் தூக்க தனியா பெருக்கி வேணும். பட்ஜெட்காரனுக்கு இது பக்கத்துலயே போகக்கூடாத சமாச்சாரம். இத்தனைக்கும் அவங்க கொண்டாடற டெனான் டிஎல்-103, ஜப்பான் ஒலிபரப்புக்காக 1960கள்ல பண்ணது, அதோட முனை சாதா கூம்பு வடிவம்தான். அதைச் சொன்னா மட்டும் குருவுக்குக் காது கேக்காது.

கூம்புன்னா மட்டமாங்கறீங்களா? இங்கதான் இன்ஜினியரிங் படிச்ச புத்தி கொஞ்சம் வேலை செய்யும், பொறுத்துக்கங்க. எல்பி ஒரு நிமிஷத்துக்கு 33⅓ சுத்து. வெளி ஓரத்துல முள்ளுக்கு அடியில பள்ளம் ஓடற வேகம் நொடிக்கு சுமார் 51 செ.மீ. உள்ள லேபிள் கிட்ட வந்தா சுமார் 21 செ.மீ.தான். அப்போ 10 கிலோஹெர்ட்ஸ் ஓசையோட ஒரு அலை, வெளில 51 மைக்ரான் நீளத்துல தாராளமா படுத்திருக்கும். உள்ள அதே அலை 21 மைக்ரானுக்குள்ள மடங்கிக் கிடக்கும். மேடு பத்து, பள்ளம் பத்து. சாதா கூம்பு முனையோட ஆரமே 15 மைக்ரான். அந்த வளைவுக்குள்ள எப்படி எறங்கும்? மேலாக்க உரசிக்கிட்டுப் போகும். (அலையோட உயரமும் கணக்குல வரணும், இது தோராயம்தான். சண்டைக்கு வராதீங்க.) அதனாலதான் ஒவ்வொரு பக்கத்துலயும் கடைசிப் பாட்டுல மட்டும் 'ஸ' வர்ற எடமெல்லாம் இஸ்ஸுனு எரியும். நீள்வட்ட முனைன்னா பக்கவாட்டு ஆரம் ஏழெட்டு மைக்ரான். மைக்ரோலைன்னு ஒண்ணு இருக்கு, அதுல 3 மைக்ரான். புகுந்து விளையாடும்.

இப்போ காசுக் கணக்கு. ஆடியோ-டெக்னிகா கம்பெனி 2018ல விஎம்95ன்னு ஒரு வரிசை விட்டாங்க. டப்பா ஒண்ணுதான், முள் ஆறு விதம். கூம்பு, ஒட்டுப்போட்ட நீள்வட்டம், முழு வைரத்துல நீள்வட்டம், மைக்ரோலைன், ஷிபாட்டா, அப்புறம் பழைய 78 தட்டுக்குன்னு தடிச்ச முனை. எதை வாங்கினாலும் பின்னாடி இன்னொண்ணை அதே டப்பால சொருகலாம். முள்ளோட ஆயுசையும் அவங்களே சொல்றாங்க. கூம்பு 500 மணி, நீள்வட்டம் 300, ஷிபாட்டா 800, மைக்ரோலைன் 1000.

தினமும் ஒரு மணி நேரம் கேக்கற ஆளுக்கு நீள்வட்டம் பத்து மாசத்துல முடிஞ்சுது. மைக்ரோலைன் ரெண்டே முக்கால் வருஷம் போகும். நான் பார்த்த வரைக்கும் மைக்ரோலைன் விலை நீள்வட்டத்தைப் போல ரெண்டரையிலேர்ந்து மூணரை மடங்கு வரைக்கும் இருக்கு. ஆயுசு மூணே கால் மடங்குக்கு மேல. அதாவது, ஒரு மணி நேரப் பாட்டுக்கு ஆகற செலவு ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணுதான்! பார்க்கறப்போ மலையா தெரியற விலை, வகுத்துப் பார்த்தா மலிவா இருக்கறதுக்கு சமம். குரு இதைச் சொல்லியிருந்தா கால்ல விழுந்திருப்பேன். அவர் சொன்னது "பாதி விலை"ங்கற பஞ்சாங்கம்.

அதுக்காக ஒரே மூச்சுல பெரிய காசைப் போடுங்கன்னு நான் சொல்லல. மாசக் கடைசியில யார்கிட்ட இருக்கு? நீள்வட்டம் போட்ட விஎம்95இ வாங்குங்க. அது தேயறதுக்குள்ள உண்டியல்ல சேருங்க. தேய்ஞ்சதும் டப்பாவைத் தொடாம மைக்ரோலைன் முள்ளை மட்டும் வாங்கிச் சொருகுங்க. நான் பண்ணது இதான். ஒரு எச்சரிக்கை: மைக்ரோலைன் கொஞ்சம் மூக்குமேல கோவம் வர்ற ஜாதி. கோணம் சரியா இல்லன்னா அத்தனை காசும் வீண். அளவுகோல் தாளை பிரிண்ட் எடுத்து ஒக்காந்து பொறுமையா சரிபண்ணணும். முள் மாத்தினதும் மறுபடி ஒரு தடவை.

இந்தக் கம்பெனிக்கு ஜால்ரா அடிக்கறேன்னு நெனைக்காதீங்க. டென்மார்க் ஆர்ட்டோஃபோன்லயும் 2எம் ரெட் டப்பால ப்ளூவோட முள் சொருகும். அதுவும் இதே தந்திரம்தான். என்கிட்ட இருக்கற காசுக்கு இது தோதுப்பட்டுது, அவ்வளவுதான்.

ஒங்ககிட்ட இருக்கறது பெரும்பாலும் பழைய மோனோ தட்டும், மூர் மார்க்கெட் பக்கம் பொறுக்கின கீறல் விழுந்த 45 ஈபியும்தான்னா, கூம்பே போதும். இருக்கறதுலயே விலையும் கம்மி, ஆயுசும் நீள்வட்டத்தை விட ஜாஸ்தி. கீறலையும் தூசியையும் பெரிசா தோண்டி எடுத்துக் காட்டாது. இதுல கௌரவக் குறைச்சல் ஒண்ணுமில்ல. 78 தட்டு மேல மட்டும் எல்பி முள்ளை வெச்சுடாதீங்க. அந்தப் பள்ளம் அகலம், இந்த முனை அடியில போய் குப்பையிலதான் உருளும். அதுக்கான முள்ளு போட்டா அழுத்தத்தையும் மறக்காம மாத்தணும்.

ஏடி-எல்பி60 மாதிரி பிளேயர் வெச்சிருக்கறவங்க கார்ட்ரிட்ஜ் தேடி அலையவே வேணாம். அதுல கழட்ட முடியாது, முள்ளை மட்டும்தான் மாத்தலாம். அதே கம்பெனி முள்ளா பார்த்து மாத்திட்டுத் தூங்கப் போங்க.

சூட்கேஸ் பிளேயர் கும்பலுக்கு ஒரு வார்த்தை. அதுல பெரும்பாலும் இருக்கறது செராமிக் கார்ட்ரிட்ஜ். விஎம்95 கேக்கற அழுத்தம் 2 கிராம். அது அதைப் போல ரெண்டு மடங்குக்கு மேல கேக்கும். முனை வைரம்னு போட்டிருக்கான்னு பார்த்துக்கங்க, நீலக்கல் முனைன்னா சீக்கிரமே தேயும். ஒரு தடவை போட்டதும் தட்டு செத்துடும்னு பயமுறுத்தறது ஜல்லி. ஆனா தேய்ஞ்ச முனையோட அதே தட்டைத் தினமும் போட்டா என்ன ஆகும்னு எங்க அப்பாகிட்ட கேளுங்க.

அழுத்தம்னதும் ஞாபகம் வருது. முள் எகிறிக் குதிச்சா தலைமேல நாலணா வைக்கற பழக்கம் எல்லா வீட்லயும் இருந்தது. எங்க வீட்லயும். அந்தப் பழைய வெள்ளை நாலணா ரெண்டரை கிராம். ரெண்டு கிராம் கேக்கற முள்ளு மேல இன்னொரு ரெண்டரை! 2011ல நாலணாவை ஒழிச்சது மத்திய அரசு இசைக்குச் செஞ்ச தொண்டு. அழுத்தம் பார்க்கற குட்டித் தராசு ஒண்ணு சில நூறு ரூபாய்க்குக் கிடைக்குது. கார்ட்ரிட்ஜ் வாங்கற பட்ஜெட்ல முதல் செலவா அதை எழுதுங்க.

"இதெல்லாம் எதுக்குடா, அதே நாகஸ்வரம் யூட்யூப்ல இருக்கே"ன்னு கேக்கறவங்களும் உண்டு. இருக்கு. அப்பாவுக்குப் போட்டும் காட்டினேன். ரெண்டு நிமிஷம் கேட்டுட்டு, "நல்லா இருக்கு"ன்னு சொல்லிட்டு பேப்பரை எடுத்துக்கிட்டார்.

இப்பவும் ஊர்லேர்ந்து வந்தா அந்தத் தட்டைத்தான் கேப்பார். வேணாம்பா, கரகரன்னு இருக்குன்னு சொல்லுவேன். "இருக்கட்டும், போடு"ம்பார். மைக்ரோலைன் முள்ளுலதான் போடறேன். முன்னைக்கு இப்போ கொஞ்சம் தேவலைன்னு அவர் சொல்றார். பழைய முள் தொடாத சுவர்ப் பகுதியை இது தொட வாய்ப்பு உண்டு, அதனால இருக்கலாம். இல்ல, எனக்காகச் சொல்றாரோ என்னமோ.

பி.கு.: இத்தனையும் நண்பனுக்கு ஒரு மணி நேரம் போன்ல சொன்னேன். "சூப்பர் மச்சி, இப்பதான் புரியுது"ன்னான். போனை வெச்சதும் அந்த முன்னூறு ரூபா முள்ளை ஆர்டர் பண்ணிட்டான். அவன் தட்டெல்லாம் என் வீட்டுக்கு எப்ப வேணா வரலாம். என் தட்டு ஒண்ணுகூட அவன் வீட்டுக்குப் போகாது.