ஊர்க் கணக்கைத் திறந்து காட்டுங்கள்

வருவாய்த் துறையின் பழைய பதிவேடுகளுக்குப் பொறுப்பான உயர் அலுவலர் அவர்களுக்கு,

சென்னையிலிருந்து புறப்பட்ட 'ட்ரூரோ' கப்பல் 1860 நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் கரையைத் தொட்டது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் 1,52,184 பேர். பெரும்பாலோர் சென்னையில் கப்பலேறியவர்கள்; செங்கல்பட்டு, வட ஆற்காடு ஜில்லாக்காரர்கள் அவர்களில் ஏராளம். இந்தக் கடிதம் பேசும் உத்திரமேரூர் வட்டாரம் அப்போது செங்கல்பட்டு ஜில்லாவின் மதுராந்தகம் தாலுகாவில் இருந்தது. ஏரி வறண்டால் படியாளுக்கு வேலையும் இல்லை, கூழும் இல்லை. ஆள்சேர்க்கும் தரகன் சொன்ன கடல்தாண்டிய ஊரை நம்புவதைத் தவிர வேறு வழியும் இல்லை.

போனவர்களை நேட்டால் அரசு எண்ணிட்டு எழுதி வைத்தது. பெயர், தகப்பன் பெயர், வயது, ஜாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உயரம், உடம்பில் உள்ள தழும்பு வரை அந்தப் பட்டியலில் உண்டு. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையம் அதைக் கணினியில் தேடும்படி செய்திருக்கிறது. மொரிஷியஸுக்குப் போனவர்களின் பதிவுகள் மோகாவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் காக்கப்படுகின்றன. அவர்கள் கதையின் ஒரு பாதி அங்கே பத்திரமாக இருக்கிறது. மறு பாதி, அதாவது அவர்கள் விட்டுப்போன ஊரும் உறவும், இங்கே ஊர்க் கணக்குகளில் இருக்கிறது.

டர்பனைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கொள்ளுப்பாட்டனின் பதிவு நகலோடு உத்திரமேரூர்ப் பக்கம் வந்தார். வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயரை அவர் படித்துக் காட்டியதுமே, டீக்கடையில் இருந்த பெரியவர்கள் அது எந்த ஊர் என்று சொல்லிவிட்டார்கள். அவர் கேட்டது ஒன்றுதான்: அந்தக் கிராமத்துப் பழைய பதிவேட்டைப் பார்க்க அனுமதி. மனுவை வாங்கிய அலுவலகம் சர்வே எண் கேட்டது. நிலமே இல்லாத படியாளுக்கு ஏது சர்வே எண்? பிறகு வாரிசுச் சான்று கேட்டது. நூறு வருஷத்துக்கு முன் தென்னாப்பிரிக்காவில் இறந்தவருக்கு இங்கே யார் வாரிசுச் சான்று தருவார்? தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டபோது, "ஆவணம் இவ்வலுவலகத்தில் இல்லை" என்று ஒற்றை வரியில் பதில் வந்தது. எங்கே இருக்கிறது என்று அதில் இல்லை. விசா முடிந்து அவர் திரும்பிப் போனார்.

1997இல் காஞ்சிபுரமும் திருவள்ளூரும் பிரிந்தன. 2019இல் செங்கல்பட்டும் தனி மாவட்டமானது. பழைய மதுராந்தகம் தாலுகாவின் ஊர்கள் இன்று இரண்டு மாவட்டங்களில் கிடக்கின்றன. எந்தக் கட்டு எந்த அறைக்குப் போனது என்று சொல்ல வேண்டியது துறை. தேடி வந்தவரை அலுவலகம் அலுவலகமாக அலையவிடுவது பதிலாகாது.

துறையின் தயக்கத்துக்கு வேறொரு காரணமும் இருக்கிறது. செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் இங்குள்ள பறையர் குடிகளின் நிலையை 1891இல் அறிக்கையாகக் கொடுத்தார். அவர்களைப் போன்றோருக்கு நிலம் ஒப்படைக்கும் பஞ்சமி நில ஆணை 1892இல் வந்தது. பட்டாவில் பெயரே ஏறாத குடும்பங்களின் பெயர் ஏறிய ஏடு அந்த ஒப்படைப்புப் பதிவேடுதான். கப்பலேறியவனின் அண்ணன் தம்பி பெயர் கிடைக்க வாய்ப்புள்ள இடமும் அதுவே. அதைத் திறந்தால் அந்த நிலம் இன்று யார் கையில் இருக்கிறது என்ற கேள்வியும் கூடவே எழும். எழட்டும். அந்தக் கேள்விக்குப் பயந்து ஒரு கொள்ளுப்பேத்தி தன் குடும்பத்தின் பெயரைப் பார்ப்பதைத் தடுப்பது அநியாயம்.

அயலகத் தமிழ் இளைஞர்களை 'வேர்களைத் தேடி' என்ற திட்டத்தின்கீழ் தமிழக அரசே அழைத்து வருகிறது. வந்தவர்கள் கோயிலைப் பார்க்கிறார்கள். தங்கள் குடும்பத்தின் பெயர் எழுதிய ஏட்டை யாரும் காட்டுவதில்லை. கணக்குக் காட்டுவது இந்த மண்ணுக்குப் புதிதல்ல. உத்திரமேரூர்க் கல்வெட்டின்படி, ஊர்ச்சபை வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரும் அவர் உறவினர் பெயரும் குடவோலையில் எழுதப்படலாகாது. அந்த விதி பராந்தக சோழன் காலத்தது.

எந்தக் கிராமத்தின் எந்த ஏடு எங்கே இருக்கிறது என்ற பட்டியலைத் துறை வெளியிட வேண்டும். பார்க்க வருகிறவரிடம் சர்வே எண்ணும் வாரிசுச் சான்றும் கேட்பது நிற்க வேண்டும். நிலத்தைக் கேட்டு யாரும் வரவில்லை. கரையான் அரிப்பதற்குள் ஏடுகளைப் பிரதி எடுங்கள். அந்த ஆசிரியையின் மனுவுக்கு இன்றும் பதில் தரலாம். முகவரி அதிலேயே இருக்கிறது.