டயருக்கும் வயசு உண்டு!

"இந்தத் தடவை டயரைப் பற்றியா?" என்று நீங்கள் மூக்கின் மேல் விரலை வைப்பது எனக்குத் தெரிகிறது. சாம்பார்ப் பொடி, சளிக்குக் கஷாயம் என்று எழுதிக் கொண்டிருந்தவளுக்கு என்ன வந்துவிட்டது என்பீர்கள். வந்தது ஒரு போன், சகோதரிகளே! அதுவும் கனடாவிலிருந்து.

என் அக்கா மகள் டொரண்டோவில், ஸ்கார்பரோ பக்கம் குடியிருக்கிறாள். கைக்குழந்தைக்காரி. வேலைக்குப் போகும் வழியில் குழந்தையைக் காப்பகத்தில் விட்டுப் போக வேண்டும். கார் ஓட்டக் கற்றுக்கொண்டு அவளே ஓட்டப் போகிற முதல் பனிக்காலம் இது.

"சித்தி, இங்கே நிறையப் பேர் குளிர்காலத்துக்குன்னு தனி டயர் மாட்டறாங்க. இவர், 'காரோட வந்த டயரே புதுசாத்தானே இருக்கு, எல்லாப் பருவத்துக்கும்னு போட்டிருக்கே, எதுக்குத் தண்டச் செலவு'ங்கறார். நீங்க என்ன சொல்றீங்க?"

சேவூரில் உட்கார்ந்திருப்பவளிடம் கேட்கிற கேள்வியா இது? எங்கள் ஊரில் பனி என்றால், மார்கழியில் கோலம் போடும்போது முந்தானையை இழுத்துப் போர்த்திக் கொள்வதோடு சரி. ஆனாலும் அவள் காரணமாகத்தான் கேட்டாள். போன வருஷம் ஐப்பசியில் நான் விழுந்தது அவளுக்குத் தெரியும்.

அன்றைக்குக் காலையில் சின்னத் தூறல். பல நாள் வெயிலுக்குப் பிறகு விழுந்த முதல் தூறல். மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் மகளை ஸ்கூட்டரில் பின்னால் உட்கார வைத்துப் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினேன். வேகமெல்லாம் இல்லை. அவிநாசி ரோட்டில் ஒரு ஆட்டுக்குட்டி குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தேன். வண்டி நிற்கவில்லை, பின்பக்கம் அப்படியே வழுக்கிக்கொண்டு போய்ச் சாய்ந்தது. குழந்தைக்கு முழங்காலில் சிராய்ப்பு, எனக்கு மணிக்கட்டில் வீக்கம். அவ்வளவுதான் காயம். ஆனால் எங்களுக்குப் பின்னால் ஒரு பனியன் கம்பெனி வேன் வந்து கொண்டிருந்தது. அந்த டிரைவர் தம்பி சமயத்தில் நிறுத்தியிராவிட்டால்... இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு இன்னும் கை வரவில்லை.

வண்டியைப் பழுது பார்க்கக் கொண்டு போனபோது, "டயர் நல்லாத்தானே இருக்குது, பட்டன் கூடத் தேயலையே தம்பி?" என்றேன். மெக்கானிக் தம்பி சிரித்தான்.

"டயரு மொட்டையாகலீங்க அக்கா. ஆனா செத்துப் போச்சுங்க. நகத்தை வெச்சு அமுத்திப் பாருங்க."

அமுத்திப் பார்த்தேன். கல் மாதிரி இருந்தது. ஓரத்தில் வெடித்த பாதம் போல மெல்லிய விரிசல்கள். டயரின் பக்கவாட்டில் 1416 என்று நாலு எண்ணைக் காட்டினான். 2016-ஆம் வருஷம், பதினாலாவது வாரம் செய்தது என்று அதற்கு அர்த்தமாம். நாங்கள் அதைச் சொந்தக்காரர் ஒருவரிடமிருந்து பழைய வண்டியாக வாங்கினோம். அதிகம் ஓடாமல் கொட்டகையிலேயே நின்றிருந்த வண்டி என்று சந்தோஷப்பட்டோம். ஓடாத வண்டியிலும் ரப்பருக்கு வயசாகிக் கொண்டுதான் இருக்கும் என்பது யாருக்குத் தெரிந்தது!

குழந்தையின் பென்சில் பெட்டியில் மூலையில் கிடக்கும் பழைய அழிரப்பரை எடுத்து அழித்துப் பாருங்கள். அழியாது. காகிதத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போகும். புது ரப்பரோ மெத்தென்று காகிதத்தைப் பிடித்து அழிக்கும். டயரும் ரப்பர்தானே? இளக்கமாக இருந்தால்தான் ரோட்டின் சின்னச் சின்ன மேடு பள்ளங்களில் பதிந்து பிடிக்கும். இறுகினால் வழுக்கும்.

இதைத்தான் அவளிடம் சொன்னேன். "எங்க ஊர்ல வயசும் வெயிலும் சேர்ந்து ரப்பரை இறுக்குது. உங்க ஊர்ல குளிர் இறுக்குது. ரெண்டுக்கும் பலன் ஒண்ணுதான் கண்ணு."

அப்புறம் விஷயம் தெரிந்தவர்களிடம் கேட்டும் படித்தும் விவரம் சேகரித்தேன். சாதாரணக் கார் டயரின் ரப்பர், வெப்பம் சுமார் 7 டிகிரி செல்சியசுக்குக் கீழே இறங்கினாலே விறைக்க ஆரம்பிக்கிறதாம். மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலுக்குள் உறைந்து நிற்கிறதே, அந்த மாதிரி என்று வைத்துக் கொள்ளுங்கள். டொரண்டோவில் ஜனவரியில் பெரும்பாலும் பூஜ்யத்துக்குக் கீழேதான். ஆகவே ரோட்டில் பனியே இல்லாவிட்டாலும், குளிர் ஒன்றே போதும், டயரின் பிடிப்பு குறைய. "டயர் புதுசு" என்று மாப்பிள்ளை சொன்னது நிஜம்தான். ஆனால் புதுசாக இருப்பது வேறு, அந்தப் பருவத்துக்கு ஏற்றதாக இருப்பது வேறு.

குளிர்கால டயரின் ரப்பர்க் கலவை, குளிரிலும் இளக்கம் கெடாதபடி செய்யப்படுகிறது. அதன் மேல் பிளேடால் கீறினாற்போல மெல்லிய கீறல்கள் நிறைய இருக்கும். உருளும்போது அவை விரிந்து பனியைக் கவ்விக் கொள்ளும். பனியோடு பனி ஒட்டும். கொழுக்கட்டை மாவைக் கைக்குள் அழுத்தினால் உருண்டையாகச் சேருகிறதல்லவா, அது போல. இந்த வகை டயரை முதன்முதலில் 1934-இல் செய்தவர்கள், பனிக்குப் பேர் போன பின்லாந்து நாட்டுக்காரர்கள். கனடாவிலேயே கியூபெக் மாகாணத்தில் 2008-இலிருந்து இது சட்டம். இப்போது டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை அங்கே பதிவான கார்களுக்குக் குளிர்கால டயர் கட்டாயம். டொரண்டோ இருக்கும் ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. ஆனால் மாட்டியவர்களுக்கு இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கட்டணத்தில் தள்ளுபடி தர வேண்டும் என்று 2016-இல் விதி வந்தது.

வெளிநாட்டில் பெண்ணோ பிள்ளையோ இருக்கிற சகோதரிகள் இதைக் குறித்து வைத்துக் கொள்ளுங்கள்:

1. டயரின் பக்கவாட்டில் மூன்று சிகரமுள்ள மலையும், அதற்குள் பனிப்பூவும் பொறித்திருக்க வேண்டும். பனியில் சோதித்துத் தேறியது என்பதற்கு அதுதான் அடையாளம். 'எம் பிளஸ் எஸ்' என்ற எழுத்து மட்டும் இருந்தால் போதாது.

2. மாட்டினால் நாலும் மாட்ட வேண்டும். சிக்கனம் என்று முன்பக்கம் இரண்டு மட்டும் மாட்டினால், திருப்பத்தில் பின்பக்கம் வழுக்கிக் கார் சுழன்றுவிடும்.

3. வெயில் வந்ததும் கழற்றிவிட வேண்டும். இளகிய ரப்பர் சூட்டில் சீக்கிரம் தேயும், பிடிப்பும் குறையும். ஒரு செட் உழைக்கும்போது இன்னொரு செட் ஓய்வெடுக்கிறது. இரண்டும் கூடுதல் நாள் வரும். ஆகவே கணக்குப் பார்த்தால் இது முழுக்கத் தண்டச் செலவு அல்ல.

4. வெப்பம் 10 டிகிரி இறங்கினால் டயரில் காற்று ஏறக்குறைய 2 பவுண்டு குறையும். குளிர் நாளில் மாதம் ஒரு தடவையாவது பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, நமக்கு என்ன? நமக்குப் பனி இல்லை, ஐப்பசி கார்த்திகை மழை இருக்கிறது. பல நாள் காய்ந்த ரோட்டில் புழுதியும் எண்ணெயும் படிந்திருக்கும். முதல் தூறலில் அது குழைந்து, சோப்புத் தண்ணீர் கொட்டிய குளியலறைத் தரை மாதிரி ஆகிவிடும். பெருமழையை விட இந்த முதல் அரை மணி நேரத்தில்தான் ஜாக்கிரதை வேண்டும். ஆகவே மழைக்காலத்துக்கு முன்னால், புரட்டாசியிலேயே இவற்றைச் செய்துவிடுங்கள்:

நாலு எண்ணைத் தேடுங்கள். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். ஐந்து வருஷம் தாண்டியிருந்தால் வருஷா வருஷம் மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பத்து வருஷம் ஆகியிருந்தால் பார்க்க எப்படி இருந்தாலும் கழற்றிவிடுங்கள். விரிசல் விட்டிருந்தால் வயசே பார்க்க வேண்டாம்.

பள்ளத்தைப் பாருங்கள். மழைத் தண்ணீர் ஒதுங்கி வழிய வேண்டியது அந்த வரிப் பள்ளங்களில்தான். பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன மேடுகள் இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் அதன் ஆயுள் முடிந்தது. கார் டயரில் பள்ளம் 1.6 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும் என்பது நம் நாட்டுச் சட்டம்.

காற்றைக் காலையில், வண்டி ஓடிச் சூடாவதற்கு முன் பாருங்கள். பின்னால் ஆள் ஏறினால் எவ்வளவு என்பது வண்டியோடு வந்த புத்தகத்தில் இருக்கும். பிடிப்பு வரட்டும் என்று நீங்களாகக் குறைக்க வேண்டாம்.

புது டயர் மாட்டினால் முதல் 100 கிலோமீட்டர் நிதானமாகப் போங்கள். மேல் வழவழப்புத் தேய்ந்த பிறகுதான் பிடிக்கும். ரோட்டில் படும் இடத்தில் பளபளப்புக்கென்று பாலிஷ் பூச வேண்டவே வேண்டாம்.

இதெல்லாம் ஆண்பிள்ளைகள் சமாசாரம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். பெல்பாஸ்ட் நகரில் கால்நடை வைத்தியராக இருந்த ஜான் பாய்டு டன்லப், காற்றடைத்த டயரைச் செய்தது தன் சின்னப் பையனின் மூன்று சக்கர சைக்கிள் குலுங்காமல் ஓட வேண்டும் என்றுதான். 1888-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். குழந்தைக்காகப் பிறந்த பொருள், அம்மாக்களுக்கு அந்நியமா?

காரின் ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடுவது ஒரு உள்ளங்கை அளவு இடத்தில்தான். ஸ்கூட்டரில் அதைவிடக் குறைவு. நாமும் நம் குழந்தையும் அந்தச் சின்ன இடத்தை நம்பித்தான் போகிறோம். வேறு எதில் வேண்டுமானாலும் மிச்சம் பிடிக்கலாம். நான் இரண்டு டயரையும் மாற்ற 3,000 ரூபாய்க்குப் பக்கம் ஆயிற்று. தீபாவளிப் புடவையை அந்த வருஷம் தள்ளிப் போட்டேன்.

அக்கா மகள் நாலு டயரும் மாட்டிவிட்டாள். முதல் பனி விழுந்த அன்று ராத்திரி போன் பண்ணினாள்.

"சித்தி, சிக்னல்ல கார் நின்னுச்சு. ஆனா நான் நெனச்சதைவிடத் தள்ளித்தான் நின்னுச்சு."

"அப்ப நாளைக்கு இன்னும் மெதுவாப் போ கண்ணு," என்றேன். நல்ல டயர் பிடித்துக் கொடுக்கும். நிதானம் நம் கையில்தான் இருக்கிறது.