ஆடாத ஆண்டைத் திருப்பிக் கொடுங்கள்

மத்திய அரசின் ‘சி’ பிரிவு வேலைக்கு விளையாட்டு ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்கும் இளைஞருக்கு ‘படிவம் 3’ என்றொரு தாள் தேவைப்படும். பல்கலைக்கழக அணிக்காக எந்த ஆண்டு, எந்த ஊரில், எந்தப் போட்டியில் ஆடினார் என்று எழுதி, பல்கலைக்கழக விளையாட்டுத் துறைப் பொறுப்பாளர் கையெழுத்திட்டுத் தரும் தாள் அது. புதுவையின் மண்ணாடிப்பட்டு கொம்யூனின் ஊர்களில் மாலை வேளையில் சுண்ணாம்புக் கோடு போட்டுக் கபடி ஆடும் பிள்ளைகளுக்கும், வலை கட்டி வாலிபால் ஆடும் பிள்ளைகளுக்கும் எட்டக்கூடிய உயரம் அதுதான். அஞ்சல் துறையிலோ வருமான வரித் துறையிலோ ஒரு வேலை. அதற்கு அந்த ஒரு தாள். கொரோனா வந்தபோது, 2020-21 கல்வியாண்டுக்கு அதில் எழுத ஒன்றுமில்லாமல் போயிற்று.

அந்த இழப்பு எவ்வளவு பெரியது என்பது கல்லூரி விளையாட்டின் படிக்கட்டைத் தெரிந்தவர்களுக்குப் புரியும். முதலில் கல்லூரி அணி. பிறகு கல்லூரிகளுக்கு இடையிலான போட்டி. அங்கிருந்து புதுவைப் பல்கலைக்கழக அணிக்குத் தேர்வு. அதன் பின் தென்மண்டலம், அகில இந்தியா. முதலாம் ஆண்டில் வந்து சேரும் பையன் பெரும்பாலும் பெஞ்சில் உட்காருவான். இரண்டாம் ஆண்டில் இறங்குவான். மூன்றாம் ஆண்டில்தான் அணி அவனைச் சுற்றி நிற்கும். மூன்றே ஆண்டுப் பட்டப்படிப்பில் ஓராண்டைப் பிடுங்கினால் மூன்றில் ஒரு பங்கு போனதாகக் கணக்குப் போடக் கூடாது. பலருக்குப் போனது அந்த ஒரே வாய்ப்பு.

நாட்களைப் பாருங்கள். பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான அகில இந்தியத் தடகளம் 2020 ஜனவரியில் மூடபித்ரியில் நடந்தது. அடுத்தது 2022 ஜனவரியில்தான். முதலாவது கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டு 2020 மார்ச் 1ஆம் தேதி புவனேஸ்வரத்தில் முடிந்தது. இரண்டாவது பெங்களூருவில் தொடங்க 2022 ஏப்ரல் 24 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2018இல் கல்லூரியில் சேர்ந்து 2021இல் பட்டம் வாங்கியவர்களின் மூன்றாம் ஆண்டு இந்த இடைவெளிக்குள் மொத்தமாக விழுந்தது. மைதானம் மறுபடி திறந்தபோது அவர்கள் மாணவர்களாகவே இல்லை.

அமெரிக்காவில் 2020 மார்ச் 12 அன்று கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்.சி.ஏ.ஏ. தன் சாம்பியன்ஷிப் போட்டிகளையெல்லாம் ரத்து செய்தது. மார்ச் 30ஆம் தேதியே, வசந்த காலப் பருவத்தை இழந்த முதல்நிலைப் பிரிவு வீரர்கள் இன்னும் ஓராண்டு ஆடலாம் என்று முடிவெடுத்தது. பதினெட்டே நாள். டோக்கியோ ஒலிம்பிக் ஓராண்டு தள்ளிப்போனதும் ஆண்கள் கால்பந்தின் 23 வயது வரம்பைத் தளர்த்தி, 1997இல் பிறந்தவர்களையும் ஆடவிட்டார்கள். இழந்தது ஓர் ஆண்டு என்றால் திருப்பித் தர வேண்டியதும் ஓர் ஆண்டு என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இருக்கவில்லை.

நம் நாட்டிலும் வழி தெரியாமல் இல்லை. 2020-21இல் ரஞ்சிக் கோப்பை நடக்காதபோது, முந்தைய பருவத்தில் ஆடியவர்களுக்குப் போட்டி ஊதியத்தில் பாதியை ஈடாகத் தருவதாகக் கிரிக்கெட் வாரியம் 2021 செப்டம்பரில் அறிவித்தது. 23 வயதுக்கு உட்பட்டோருக்கான சி.கே. நாயுடு கோப்பையை 25 வயது வரை திறந்துவிட்டது. கேலோ இந்தியா திட்டத்தில் தேர்வான 2,749 பேருக்குப் பொதுமுடக்கக் காலத்திலேயே 8.25 கோடி ரூபாய் கைச்செலவுத் தொகை போய்ச் சேர்ந்தது. தமிழக அரசு வேலைக்கான வயது வரம்பை 30இலிருந்து 32 ஆக்கியது. நம் பக்கத்தில், துத்திப்பட்டு மைதானத்தில் 2020 ஜூலையிலேயே டி20 தொடர் நடந்தது. பணமும் அமைப்பும் உள்ள விளையாட்டு எழுந்து நின்றது. பட்டியலில் பெயர் இருந்தவருக்குப் பணம் வந்தது. கிராமத்திலிருந்து பஸ் பிடித்துக் கல்லூரி மைதானத்துக்குப் போன பிள்ளை எந்தப் பட்டியலிலும் இல்லை.

வயது வரம்பைத் தளர்த்தினால் போதும் என்று சிலர் சொல்கிறார்கள். அது கிராமத்துப் பிள்ளைக்கு உதவாது. இருபது, இருபத்தோரு வயதில் பி.ஏ. முடித்து வெளியே வருகிறவருக்கு வயது எங்கே தடை? அவர் மாணவர் பதிவேட்டில் இல்லை என்பதே தடை. மேற்படிப்புக்குக் கட்டணம் கட்ட வசதி உள்ளவர் எம்.ஏ. சேர்ந்து தொடர்ந்து ஆடலாம். வசதி இல்லாதவர் படிப்போடு ஆட்டத்தையும் முடித்துக்கொள்ள வேண்டியதுதான். பெருந்தொற்று எல்லாரையும் ஒன்றாகத்தான் அடித்தது, ஆனால் எழுந்து வருவதற்கான வழியைக் கட்டண ரசீது தீர்மானித்தது. இதை ஏற்க முடியாது.

அந்த ஓராண்டு இங்கே எப்படிக் கழிந்தது என்பது இந்த வட்டாரத்தில் யாருக்கும் தெரியாததல்ல. திருபுவனை தொழிற்பேட்டையில் காண்ட்ராக்ட் வேலைக்குப் போன பையன் ஷிப்ட் முடித்து வந்து படுத்தால் மறுநாள் ஷிப்டுக்குத்தான் எழுவான். கபடி ரைடருக்கு மூச்சும் காலும் ஆறு மாதத்தில் தளர்ந்துவிடும். பயிற்சியாளரின் சத்தமும், எதிரில் பிடிக்க ஏழு பேரும் இல்லாமல் தனியாக ஓடி அதைக் காப்பாற்ற முடியாது. பெண் பிள்ளைகளின் நிலை இன்னும் மோசம். கல்லூரி திறந்திருக்கும் வரை ‘பிராக்டிஸ் இருக்கும்மா’ என்று சொல்லிவிட்டு மைதானத்துக்குப் போக முடிந்தது. கல்லூரி மூடியதும் அந்தச் சொல் செல்லாமல் போயிற்று. வீட்டில் மாப்பிள்ளை பேச்சு எழுந்தது. ஒருமுறை ஷூவைக் கழற்றி வைத்த பெண்ணை மறுபடி மைதானத்துக்குக் கூட்டி வருவது எவ்வளவு பாடு என்று உடற்கல்வி ஆசிரியர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அதே காலத்தில் பாடப் படிப்புக்கு நாம் எவ்வளவு இறங்கி வந்தோம்! பத்தாம் வகுப்புக்குத் தேர்வே இல்லாமல் எல்லோரும் பாஸ். கல்லூரிக்கு ஆன்லைன் வகுப்பு, ஆன்லைன் தேர்வு. மாணவரின் ஆண்டு வீணாகக் கூடாது என்று அரசு கவலைப்பட்டது சரியே. அந்தக் கவலை மைதானம் வரை நீளவில்லை.

இழந்த ஆண்டைத் திருப்பித் தருவதற்கு எதிராக ஒரு நியாயமான கேள்வி உண்டு. மூத்தவருக்கு இன்னோர் ஆண்டு கொடுத்தால், அவருக்குப் பின்னால் வந்த இளையவரின் இடம் என்னாகும்? அமெரிக்காவிலும் இந்த நெருக்கடி வந்தது. திரும்பி வரும் மூத்தவர்களைக் கணக்கில் சேர்க்காமல் உதவித்தொகை வரம்பைத் தளர்த்தித்தான் சமாளித்தார்கள். அங்கும் உதவித்தொகை பழையபடியே கிடைக்கும் என்ற உறுதி தரவில்லை, அந்தந்தக் கல்லூரியின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள் என்பது குறைதான். நாம் செய்வதாக இருந்தால் இடத்தைக் கூட்டிக் கொடுக்க வேண்டும். பயிற்சி முகாமுக்குப் பதினைந்து பேரை அழைக்கும் இடத்தில் பதினெட்டுப் பேரை அழைப்பதால் எந்தக் கஜானாவும் காலியாகிவிடாது.

பட்டம் வாங்கியவரை எப்படி மாணவர் அணியில் சேர்ப்பது என்று விதி பேசுகிறவர்களுக்கு: உலகப் பல்கலைக்கழக விளையாட்டை நடத்தும் பிசு அமைப்பே, முந்தைய ஆண்டு பட்டம் பெற்றவரை ஆட அனுமதிக்கிறது. உலக அரங்கில் செல்லும் விதி தென்மண்டலப் போட்டிக்கு மட்டும் செல்லாதா? பருவம் பாதியில் நின்றாலோ தொடங்காமலே போனாலோ, அந்த ஆண்டு பட்டம் முடித்தவர் அடுத்த ஆண்டும் தன் பழைய பல்கலைக்கழகத்துக்கே ஆடலாம் என்று இந்தியப் பல்கலைக்கழகச் சங்கம் விதி வகுக்க வேண்டும். அதைக் கேட்கும் முதல் குரல் புதுவைப் பல்கலைக்கழகம் இருக்கும் காலாப்பட்டிலிருந்து எழட்டும். தேர்வாகியும் போட்டி ரத்தானதால் ஆட முடியாதவருக்கு, அந்தத் தேர்வையே தகுதியாக எழுதித் தரும் சான்றும் வேண்டும்.

புதுவை அரசு தில்லியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. புதுச்சேரிப் பகுதியில் கொம்யூன்கள் ஐந்துதான். யார் ஆடினார்கள், யார் நின்றுபோனார்கள் என்று கண்டுபிடிக்க முடியாத அளவு பெரிய ஊரல்ல இது. 2021 தேர்தலில் மண்ணாடிப்பட்டுத் தொகுதி அனுப்பிய நமச்சிவாயம்தான் கல்வி அமைச்சரானார். இந்தப் பிள்ளைகளின் வீடு எங்கே இருக்கிறது என்று அரசுக்குத் தெரியாது என்று சொல்ல முடியாது. கொரோனாவில் இறுதி ஆண்டுப் பருவத்தை இழந்தவர்கள் இன்று இருபத்தைந்தைத் தாண்டிவிட்டார்கள். அவர்களை அணிக்குத் திரும்ப அழைக்க முடியாது, வேலைக்கு அழைக்க முடியும். புதுவை அரசு வேலைகளில் விளையாட்டுத் தகுதி கேட்கும் இடங்களில் அவர்களுக்கு இரண்டாண்டு வயதுச் சலுகை தர வேண்டும். 2020க்கு முன் கல்லூரி அளவில் ஆடியதையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2020-21இல் இறுதி ஆண்டில் இருந்த வீரர், வீராங்கனைகளின் பெயர்கள் கல்லூரி உடற்கல்வி இயக்குநர்களின் பதிவேடுகளில் இருக்கும். அவற்றைக் கேட்டு வாங்கும் கடிதம் விளையாட்டுத் துறையிலிருந்து இந்த மாதமே போக வேண்டும்.