உடம்பெல்லாம் முகம்

திரேஸ்புரம் கரையில் போன வாரம் ஒரு கூடைக்கு முன்னால் வெகுநேரம் உட்கார்ந்துவிட்டேன். நாட்டுப்படகில் வந்திறங்கிய ஓட்டுக்கணவாய், ஒரு பத்துப் பன்னிரண்டு இருக்கும். விற்கிற அக்கா, "தொட்டுப் பாருங்க அண்ணாச்சி, இன்னும் மினுங்குது. இதுக்கு மேல என்ன புதுசு வேணும்?" என்றார். தொட்டேன். விரல் பட்ட இடத்தைச் சுற்றித் தவிட்டு நிறத்தில் புள்ளிகள் விரிந்தன, ஈரத்தாளில் மைத்துளி ஊறுகிற மாதிரி. விரலை எடுத்ததும் ஒவ்வொன்றாகச் சுருங்கிக் கடுகளவாகி, தோல் வெளுத்தது. சற்றுப் பொறுத்து, யாரும் தொடாமலே இன்னொரு பக்கம் புள்ளிகள் விழித்தன. கணவாய் செத்து நேரமாகியிருந்தது. தோல் மட்டும் அடங்கவில்லை.

அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் ஒரு சாயப்பை. ரப்பர் மாதிரி இழுபடும் நுண்ணிய பை. உள்ளே மஞ்சளோ செம்மையோ கருந்தவிடோ ஏதாவதொரு நிறம். பையைச் சுற்றிலும் குடைக்கம்பிகளைப் போலத் தசைநார்கள். அவை இழுத்தால் பை தட்டையாக விரிந்து நிறம் தெரியும். தளர்ந்தால் பை தானே சுருங்கிவிடும். வளர்ந்த கணவாயின் உடம்பில் இப்படி லட்சக்கணக்கான பைகள் உண்டு. அவற்றுக்கு அடியில், ஒளியைத் திருப்பியனுப்பும் நுண்தகடுகள் அடுக்கிய ஒரு படலம். பச்சை, நீல மினுக்கமெல்லாம் அங்கிருந்து வருகிறது. வெள்ளைக்கென்று தனி அணுக்கள். நிறம் போதாதென்றால் தோலையே முள்முள்ளாக, பாசி மடிப்பாக எழுப்பிக்கொள்ளும். நம் கரையில் பேய்க்கணவாய் என்கிற ஆக்டோபஸ் பாறையில் ஒட்டியிருந்தால், பாறை எங்கே முடிகிறது என்று கண்ணால் சொல்ல முடியாது.

இதில் என்னை மிகவும் கட்டிப்போட்ட விஷயம், அந்தத் தசைநார்களுக்குக் கட்டளை வரும் வழி. மூளையிலிருந்து கிளம்பும் நரம்பு, இடையில் எங்கும் கைமாறாமல் நேராகத் தோலின் தசைக்கே வந்து சேர்கிறது. அதனால்தான் ஒரு நொடிக்குள் முழு உடம்பும் வேறாகிவிடுகிறது. கூடையில் நான் கண்டது, மூளையின் கட்டளை நின்றுபோன பிறகு தசைகள் தம் போக்கில் துடித்த துடிப்பு. எழுத்துகள் இருந்தன, எழுதுகிற கை போய்விட்டது.

நிறம் மாறுகிறவன் என்றால் நம் ஊரில் வசவு. பச்சோந்தியைச் சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லையே கெடுத்து வைத்திருக்கிறோம். பச்சோந்திகள் சட்டென நிறம் மாறுவது பெரும்பாலும் தம் இனத்தோடு பேசிக்கொள்ளத்தான். கணவாயிடம் பேச்சும் உண்டு, ஒளிதலும் உண்டு. ஒளிதலை மட்டும் வியந்துவிட்டு நகர்ந்தால் பாதியைத்தான் பார்த்தவர்கள் ஆவோம். தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே இருக்கிறது. உள்ளே எழுவது உடம்பில் புலப்படுவதுதான் மெய்ப்பாடு. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. நமக்கு அதைக் காட்ட முகமும் குரலும் இருக்கின்றன. குரலில்லாத கணவாய்க்கு உடம்பெல்லாம் முகம். அதன் உள்ளத்தை எட்டாகப் பிரிக்க நம்மால் ஆகாது. ஆனால் மூளை நினைப்பதைத் தோல் உடனுக்குடன் காட்டுகிறது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஜெர்மனியின் பிராங்பர்ட்டில் உள்ள மேக்ஸ் பிளாங்க் மூளை ஆய்வு நிறுவனத்தில் ஜில் லோரானின் குழு இதை நம்பிக்கையாகவே எடுத்துக்கொண்டது. பல்லாயிரம் சாயப்பைகளை ஒரே நேரத்தில் படம்பிடித்து, எவையெவை சேர்ந்து அசைகின்றன என்று பார்த்து, பின்னாலிருக்கும் நரம்புகளின் கட்டளையைக் கணித்தார்கள். மண்டையைத் திறக்காமல் தோலை வைத்தே மூளையைப் படிக்கிற வேலை. 2018-இல் அதை வெளியிட்டார்கள். 2023-இல் வந்த அவர்களுடைய இன்னொரு கட்டுரையைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. புதிய தரையில் விட்ட கணவாய், அதற்கேற்ற கோலத்துக்கு ஒரே தாவாகப் போவதில்லை. கொஞ்சம் மாறி, நின்று, திசை மாற்றி, மறுபடி நின்று, அப்படியாகத்தான் பொருத்தமான கோலத்துக்கு வந்து சேர்கிறது. எழுதி அடித்து எழுதுகிற எவருக்கும் பழகிய வழிதான் அது.

இத்தனை வண்ணக்காரருக்கு நிறம் தெரியாது என்பதையும் சொல்லவேண்டும். கணவாயின் கண்ணில் ஒளியை வாங்கும் நிறமி ஒரே வகைதான். 2006-இல் வெளியான ஆய்வில், ஒரே அளவு பிரகாசமான மஞ்சள், நீலக் கட்டங்கள் போட்ட தரையில் கணவாயை விட்டார்கள். நம் கண்ணுக்குப் பளிச்சென்று தெரியும் அந்தக் கட்டங்கள் அதன் கண்ணுக்குப் படவே இல்லை. வெறுந்தரையில் இருப்பதுபோல் இருந்தது. வெளிச்சத்தின் ஏற்றத்தாழ்வையும் வடிவத்தையும் வைத்து அது கோலத்தைத் தேர்ந்துகொள்கிறது. நிறமும் எப்படி இவ்வளவு ஒத்துப்போகிறது என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

பேச்சு இருக்கும் இடத்தில் பொய்யும் இருக்கத்தானே செய்யும். தெற்கு ஆஸ்திரேலியாவின் வையாலா கடலோரத்தில் மே முதல் ஆகஸ்ட் வரை ராட்சதக் கணவாய்கள் ஆயிரமாயிரமாகக் கூடுகின்றன, இனம் பெருக்க. பெரிய ஆண் பெண்ணுக்குக் காவல் நிற்கும். உடம்பில் கருங்கோடுகள் அலையலையாக ஓடும். சண்டையில் தாங்காத சிறிய ஆண், கைகளைப் பெண்ணைப்போல ஒடுக்கிக்கொண்டு, பெண்ணின் திட்டுத்திட்டான நிறத்தைப் பூசிக்கொண்டு காவலைத் தாண்டிப் போய்விடும். சிட்னியில் வாழும் வேறொரு கணவாயை ஆராய்ந்த மக்குவாரி பல்கலைக்கழகத்தார் 2012-இல் இதைவிட விந்தையான ஒன்றைச் சொன்னார்கள். பெண்ணுக்கும் போட்டி ஆணுக்கும் நடுவில் நீந்தும் ஆண், பெண் பார்க்கும் பக்கத்தில் ஆணின் கோடுகளைக் காட்டி அழைக்கிறது; எதிராளி பார்க்கும் பக்கத்தில் பெண்ணின் கோலம். ஒரே உடம்பில், ஒரே வேளையில், ஆளுக்கொரு பேச்சு. அதை ஏமாற்று என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. யார் எந்தப் பக்கம் நின்று பார்க்கிறார்கள் என்று கணக்குப் போடாமல் இதைச் செய்ய முடியாதே.

கடைசியாக ஒன்று. ஜப்பானின் ஒகினாவாவில் சிறிய ஆக்டோபஸ்களை உறங்கவிட்டுப் பார்த்த ஆய்வு 2023-இல் வந்தது. உறங்கும்போது வெளிறி, கண் சுருங்கி, கல்போல் கிடக்கும். ஏறக்குறைய மணிக்கு ஒருமுறை, ஒரு நிமிடம்போல, மூச்சு மாறுகிறது. கண்ணும் கைகளும் துடிக்கின்றன. அப்போது, விழித்திருக்கையில் போடும் கோலங்களெல்லாம் ஒன்றன்பின் ஒன்றாகத் தோலில் வந்து போகின்றன. அழைக்கத் துணை இல்லை, ஒளியப் பகை இல்லை, பார்க்க யாரும் இல்லை. இருட்டித் திட்டாகி, கோடாகி, மறுபடி வெளுத்து, அது உறங்கிக்கொண்டிருக்கிறது.